புதிய தொந்தரவு எதுவும் இல்லை

சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வரும்போது சில சமயம் நெஞ்சு வலிக்காது. அசதி, கொஞ்சம் மூச்சிரைப்பு, அவ்வளவுதான். என் ஆராய்ச்சியே அதைப் பற்றியதுதான். மலேசியாவில் ஸ்கூடாய் நகருக்குக் குடிவந்த பிறகு பல வருடங்கள் மருத்துவ மாணவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு கிளினிக்குகளில் நோயாளி அட்டைகளை எடுத்துவிட்டுக் கணினிப் பதிவு கொண்டுவந்த குழுவில் சேர்ந்தேன்.

டாக்டர்களின் நேரம் மிச்சமாகட்டும் என்று படிவத்தில் ஒரு வரியை முன்கூட்டியே நிரப்பி வைத்தோம்: 'புதிய தொந்தரவு எதுவும் இல்லை.' நோயாளி ஏதாவது சொன்னால் டாக்டர் அதை அழித்துவிட்டு எழுத வேண்டும். யோசனை என்னுடையது.

என் அண்ணன் பத்து பாகாட் என்ற பக்கத்து ஊரில் துணி ஆலையில் வேலை செய்தார். நாள்பட்ட சர்க்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குதும்மா" என்றார்.

"நாளைக்கு கிளினிக் போய் காட்டுங்கண்ணே" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.

போனார். வழக்கமான மாத்திரைகளோடு திரும்பினார். நான்காம் நாள், ஆலையில் சாப்பாட்டு நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் அண்ணி கிளினிக்கிலிருந்து பதிவின் நகலை வாங்கி வந்து என்னிடம் நீட்டினார். "என்ன போட்டிருக்குன்னு பாரு."

வாசித்தேன். அந்த வரிதான் இருந்தது.

"பாத்தியா, ஒண்ணுமே சொல்லல. வாயத் தொறந்து சொல்லியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாருல்ல?" என்றார். நான் காகிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து அந்த கிளினிக் டாக்டர் என் வீடு தேடி வந்தார். என்னிடம் படித்தவர். உட்காரக்கூட இல்லை.

"உங்க அண்ணன் சொன்னாரு டாக்டர். மூச்சு வாங்குதுன்னு சொன்னாரு. வெளியே அவ்வளவு கூட்டம். அந்த வரிய நான் மாத்தல."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பத்து பாகாட் போனேன். அண்ணன் சொல்லியிருந்தார் என்று அண்ணியிடம் சொன்னேன். "நான் தினமும் அவரத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகுதான் அழுதார். அந்த வரியை அங்கே வைத்தது யார் என்பதையும் சொன்னேன். மூச்சு வாங்குவதை அண்ணன் என்னிடமும் போனில் சொல்லியிருந்தார் என்பதையும் சொன்னேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ கெளம்பும்மா. இன்னொரு நாளைக்கு வா."

குழுவில் பேசி அந்த வரியை எடுக்கவைத்தேன். வேலை கூடிவிட்டது என்று டாக்டர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அண்ணிக்கு வாரம் ஒருமுறை போன் செய்கிறேன். எடுக்கிறார், நலம் விசாரிக்கிறார். வீட்டுக்கு வா என்று மட்டும் அன்றைக்குப் பிறகு சொல்லவில்லை.