மாலை போட்ட தூண்டில்காரர்

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றால் மட்டும் போதாது என்பது இசக்கிதுரைக்குத் தெரியும். கட்டிய கைகள் கொஞ்ச நேரத்தில் தாமாக அவிழ்ந்துவிடுகின்றன. அதனால் இரண்டு உள்ளங்கைகளையும் அக்குளுக்குள் செருகி, மேலே கறுப்புத் துண்டைப் போட்டு இறுக்கிக்கொண்டு, மும்பையில் பாந்த்ரா ரெக்ளமேஷன் கடலோரப் பாறைகளின் மேல் வெறுங்காலோடு நிற்கிறார். கழுத்தில் துளசி மாலை. நெற்றியில் சந்தனம். கண் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உதுமானின் தூண்டில் நுனியை விட்டு நகர்வதில்லை.

"இறால இப்படியா வே கோப்பாங்க? தலையில குத்தினா அது செத்துல்லா போவும். வாலுல குத்தும்."

"நீரு இப்பம் சாமி. சாமிக்கு இறாலப் பத்தி என்ன பேச்சு?" என்கிறார் உதுமான், திரும்பிப் பார்க்காமலே.

இசக்கிதுரை நாக்கைக் கடித்துக்கொள்கிறார். கேட்காமல் சொல்லக்கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் சுடலைக்கண்ணன். தாராவியில் பகலெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு, கார்த்திகை பிறந்தால் அந்தச் சந்துக்கே குருசாமியாகிவிடுகிறவர். மாலை போட்ட மறுநாளே இசக்கிதுரை அவரிடம் போய் நின்றார். தூண்டிலைத் தொடாமல் பக்கத்தில் நிற்கலாமா? நிற்கலாம். இரை எடுத்துக் கொடுக்கலாமா? கூடாது. மீன் எங்கே கிடக்கிறது என்று சொல்லலாமா? குருசாமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "அவரா கேட்டாச் சொல்லலாம் சாமி. நீங்களா சொல்லக்கூடாது." அன்றிலிருந்து இசக்கிதுரை கடற்கரையில் கனைக்கிறார், செருமுகிறார், பெருமூச்சு விடுகிறார். உதுமான் கேட்டால்தானே!

இசக்கிதுரை தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிச் சீமையில் அவர் பிறந்த ஊரில் கடல் கிடையாது. கிணற்றிலேயே தண்ணீரைப் பார்ப்பது அரிது. மும்பைக்கு வந்த பிறகுதான் கடலைக் கண்டார். கண்ட அன்றே பைத்தியம் பிடித்துவிட்டது. கிலோக் கணக்கெல்லாம் அவரிடம் எடுபடாது. மீனைப் பை சைஸில்தான் சொல்வார். மடவை என்றால் எல்கேஜி. நல்ல கெளுத்தி என்றால் நாலாங்கிளாஸ். ஒரு தடவை காலா மீன் ஒன்று மாட்டியது. அது ஒன்பதாங்கிளாஸ், "கம்பாஸ் பாக்ஸ் வைக்க தனி ஜிப்போட" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். காலேஜ் பை சைஸில் ஒரு கொடுவாய் மீன் அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

வாய் கொஞ்சம் நீளம். மீன் கடிக்காவிட்டால் கடலை ஏசுவார். கடித்துவிட்டுத் தப்பினால் மீனின் பரம்பரையையே இழுப்பார். மாலை போட்ட பிறகு அதற்கும் வழியில்லை. எல்லாரையும் சாமி என்றுதான் அழைக்க வேண்டும். பட்டறை முதலாளி சாமி. ரெக்ஸின் ரோலைக் காலில் போட்ட லோடுமேன் சாமி. போன வாரம் உதுமானின் இரையை நோகாமல் தின்றுவிட்டுப் போன மீனைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க சாமி" என்றார்.

உதுமான் தையல் மிஷின் ரிப்பேர்காரர். சொந்த ஊர் மேலப்பாளையம். பட்டறையில் மிஷின் நின்றுபோனால் வருவார், ஓட வைத்துவிட்டு இசக்கிதுரையைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போவார். இருவரும் இடத்துக்கும் இரைக்கும் சண்டை போட்டே பல வருஷம் ஒன்றாக மீன் பிடித்திருக்கிறார்கள். இந்த மழைக்காலத்தில் உதுமானுக்கு நெஞ்சு அடைத்தது. பட்டறையிலேயே, திருப்புளி கையில் இருக்கும்போதே சரிந்தார். டாக்ஸியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் இசக்கிதுரைதான். பைபாஸ் பண்ண வேண்டும் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது எதையாவது நேர்ந்துகொள்ள வேண்டும் என்று இசக்கிதுரைக்குத் தோன்றியது. முடி காணிக்கை என்று வேண்டலாமென்றால் தலையில் ஒன்றுமில்லை. உண்டியலில் போடலாமென்றால், சாமி என்ன சில்லறைக்கா காத்திருக்கிறது? 'ஐயப்பா, பாயி பொழச்சு வந்தா இந்தக் கார்த்திகைக்கு மாலை போட்டு மலைக்கு வாரேன்' என்று வாயில் வந்தது. பாயி பிழைத்தார். அப்புறம்தான் முப்பிடாதி காலண்டரை எடுத்துக் கணவரின் முன்னால் நீட்டினாள்.

"மழ விட்டு, கடலு தெளிஞ்சு, மீனு கூட்டமா ஒதுங்குத மாசம் எது? கார்த்திகதான? நீங்க நேர்ந்தது எந்த மாசம்?"

ஒரு மண்டலம். மீன் தின்னக்கூடாது, பிடிக்கக்கூடாது, ஓர் உயிரைக் கொல்லக்கூடாது. வருஷம் முழுக்கக் காத்திருந்த பருவம் அப்படியே கைநழுவிப் போனது. இசக்கிதுரை அன்று ராத்திரி சோறு இறங்காமல் எழுந்துவிட்டார் என்பது உண்மை. மாலையைக் கழற்ற நினைக்கவில்லை என்பதும் உண்மை. முப்பிடாதிக்கு மட்டும் கொண்டாட்டம். வீட்டில் மீன் கவுச்சி இல்லாத முதல் கார்த்திகை. "ஐயப்பன் எனக்குன்னே வந்த சாமி" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாளாம்.

உதுமானிடம் காரணத்தைச் சொல்லக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டார்கள். சொன்னால் அவர், "எனக்காவ நீரு சும்மா இருக்கும்போது நான் மட்டும் பிடிப்பனா?" என்று தூண்டில் கம்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். படுத்தே கிடந்து சலித்துப்போன மனுஷனுக்குக் கடற்காற்றுதான் இப்போது மருந்து. அதனால், "பொண்டாட்டி நேர்ந்துட்டா வே, என்ன செய்ய" என்று இசக்கிதுரை கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து உதுமானின் கேலிக்கு அளவே இல்லை. பெண்டாட்டிக்குப் பயந்து பருவத்தைக் கோட்டைவிட்ட வீரன் என்று கரையில் அறிமுகமில்லாதவர்களிடம்கூட இந்தியில் சொல்லிக் காட்டுகிறார்.

வீட்டிலேயே இருந்திருந்தால் இந்தப் பாடு கிடையாது. உதுமானின் மனைவி ஷமீமா விடவில்லை. "தண்ணி நெறஞ்ச பக்கெட்டத் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவரு கம்பத் தூக்குதாரு. நீங்க பக்கத்துல நின்னாத்தான் நான் அனுப்புவேண்ணே" என்றாள். நெஞ்சில் தையல் போட்டவருக்குக் காவல் நிற்க, மீன் பிடிக்கக்கூடாதவர் கரைக்கு வந்தே ஆகவேண்டியதாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்டோபர் வெக்கையெல்லாம் ஒழிந்து, காலைக் காற்றில் லேசாகக் குளிர் இருந்தது. கடலில் நீரேற்றம் வந்துகொண்டிருந்தது. கடல் மேல் போகும் பாலத்தின் தூணுக்கு இந்தப் பக்கம் சின்ன மீன்கள் திடீரென்று சிதறி ஓடுவதை இசக்கிதுரை பார்த்தார். அவற்றை ஏதோ துரத்துகிறது. கனைத்தார். செருமினார். இருமியே பார்த்தார்.

"என்ன வே, சளியா?"

"கேளும் வே!"

"என்னத்தக் கேக்க?"

"எதையாவது கேளும்!"

உதுமான் சிரித்துக்கொண்டே, "சரி சாமி, மீனு எங்கன கெடக்கு?" என்றார். இசக்கிதுரையின் கை துண்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து தூணைக் காட்டியது. இறால் அங்கே போய் விழுந்தது. விழுந்த வேகத்தில் தூண்டில் நரம்பு இழுபட்டது. ரீல் கதறிக்கொண்டு ஓட, கம்பு வில்லாக வளைந்தது.

மீன் ஒருமுறை முழுசாக வெளியே துள்ளியது. கொடுவாய். வெயிலில் பக்கவாட்டு வெள்ளி பளீரென்று அடித்தது. திறந்த வாயையும் சிலிர்த்த முதுகு முள்ளையும் இசக்கிதுரை பார்த்தார். அந்த வாய்க்குள் அவருடைய கை மணிக்கட்டு வரை போகும். சுற்றி இருந்த தூண்டில்காரர்கள் எல்லாம் தங்கள் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "சோட்னா மத்! சோட்னா மத்!" என்று விடாதே விடாதே எனக் கத்தினார்கள்.

உதுமான் எழுந்து நின்று பின்னால் சாய்ந்து இழுத்தார். முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. மேலுதட்டில் வேர்வை அரும்பியது. மூச்சு வாயால் போயிற்று. கம்பின் அடிக்கட்டை, மார்புத் தையலின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தது.

"உட்டுரும் வே! போவட்டும்!" என்று கத்தினார் இசக்கிதுரை.

"உடவா? இதையா? கையக் குடும் வே! ஒரு கை பிடியும்!"

இப்படி ஒரு கட்டம் வரும் என்று குருசாமியிடம் தீர்ப்பு வாங்கி வைத்திருக்கவில்லை. இந்த நெஞ்சுக்காகப் போட்ட மாலை. கம்பைப் பிடித்தால் விரதம் போச்சு. விரதம் போனால், கொடுத்ததைச் சாமி திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? பிடிக்காமல் நின்றால், சாமி கேட்கும் வரைகூட அந்த நெஞ்சு தாங்குமா? வாழ்நாளெல்லாம் காத்திருந்த மீன் அதோ இன்னொரு தரம் துள்ளுகிறது. கூட்டம் கூச்சல் போடுகிறது. உதுமான் விடுவதாக இல்லை.

பாறையில் இரை நறுக்கும் கத்தி கிடந்தது. இசக்கிதுரை அதை எடுத்தார். ரீலுக்குச் சற்று மேலே, விறைத்து நின்ற நரம்பில் வைத்தார். ஓர் இழுப்பு.

கம்பு சட்டென்று நிமிர்ந்தது. உதுமான் பின்னால் சரிந்து பாறையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். இன்னொருவன், "பாகல் ஹை க்யா!" என்று பைத்தியக்காரப் பட்டம் கொடுத்துவிட்டுப் போனான். கடல் ஒன்றும் நடக்காததைப் போல மறுபடி அலையடித்தது.

 உட்கார்ந்தபடியே உதுமான் கொட்டிவிட்டார். "பொறாம வே உமக்கு! உமக்குக் கெடைக்கல, எனக்கும் கெடைக்கக் கூடாதுன்னு அறுத்துட்டீரு! நீரெல்லாம் மனுசனா? மாலை வேற! எந்தச் சாமி வே உம்ம மலைக்குக் கூப்பிடும்?"

வேறொரு நாளாக இருந்தால் இசக்கிதுரை ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். இப்போது கத்தியைக் கீழே போட்டார். உதுமானுக்கு எதிரே ஈரப்பாறையில் மண்டியிட்டார். அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவசரத்தில் ஒன்று பிய்ந்தே போனது.

"என்ன வே பண்ணுதீரு? ஆளுக பாக்காங்க..."

நடுநெஞ்சில் நீளமாக ஓடிய தையல் தழும்பின் மேல் இசக்கிதுரை காதை வைத்துத் துடிப்பைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். சந்தனம் உதுமானின் மார்பில் அப்பியது.  உதுமான் குனிந்து, தன் மார்பில் கிடந்த அந்த வழுக்கைத் தலையையும் கறுப்புத் துண்டையும் பார்த்தார். பிறகு, மெல்லக் கேட்டார்.

"தொரை... இந்த மாலை யாருக்கு வே?"

இசக்கிதுரை தலையைத் தூக்கவில்லை. காதை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, பேசாதீர் என்று ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.