தெற்கு பார்த்த மேசை

மேசையைத் திருப்பிப் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது, வீட்டாரிடம் சொன்ன காரணம் சீனாக்காரர்களின் வாஸ்துவான ஃபெங் சுயி. உண்மையான காரணம் பயம். எனக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்று இருந்தேன்.

என் வேலை அப்படி. வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் விவரங்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் பன்னிரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. முதலில் பெங்களூரில் ஓர் அலுவலகத்தில், பிறகு மாரண்டஹள்ளியில் என் புகுந்த வீட்டின் முன்னறையில். இப்போது முதல் வரைவை இயந்திரமே எழுதிவிடுகிறது. அது கோட்டை விட்ட இடங்களைக் காதால் பிடித்துத் திருத்துவதற்காக மட்டும் எங்களில் சிலரை விட்டு வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்குக் காது ஒன்றுதான் தகுதி. அதுவும் போனால் அடுத்தது யார் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் கொசுதான் காட்டிக்கொடுத்தது. எங்கள் வீட்டில் கொசுத்தொல்லை குறைந்துவிட்டது என்று நான் சில மாதங்களாகச் சந்தோஷமாக இருந்தேன். ஆனால் கை காலெல்லாம் தடிப்பாக இருந்தது. ஒரு சாயங்காலம் என் மணிக்கட்டில் ஒரு கொசு நிதானமாக உட்கார்ந்து ரத்தம் குடித்துவிட்டு, முகத்துக்கு நேராகப் பறந்து போனது. சத்தமே இல்லை. காது மருத்துவர்களின் குறிப்புகளை நூற்றுக்கணக்கில் தட்டியவள் நான். மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும், பிறகு மற்றவை ஒவ்வொன்றாகப் போகும் என்று என் விரல்களுக்கே மனப்பாடம். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அன்றிலிருந்து ஹெட்போன் சத்தத்தை உச்சத்தில் வைத்தேன். ஒரே வரியை நாலு தடவை, ஐந்து தடவை ஓட்டிக் கேட்டேன். வேலை தாமதமானது. உங்கள் வேகம் குறைந்திருக்கிறதே, உடம்பு சரியில்லையா என்று மேற்பார்வையாளர் பெண் குறுஞ்செய்தி அனுப்பினாள். கரண்ட் சரியில்லை என்று பதில் போட்டேன்.

என் கணவர் காய்கறி வியாபாரி. மண்டியில் கத்திக் கத்திப் பழகிய குரல் என்பதால் அவர் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்டது. எதிரில் நின்றால்தான். ஒரு மத்தியானம் பின்னாலிருந்து வந்து என் தோளைத் தொட்டார். நான் போட்ட அலறலில் டீ டம்ளர் சரிந்து கீபோர்டெல்லாம் டீ.

“எதுக்கு இப்பிடி அலறுற? வாசல்லருந்து கூப்பிட்டுக்கிட்டேதான வர்றேன்?”

“ஹெட்போன் போட்டிருந்தேங்க.”

ஹெட்போன் மேசையின் ஓரத்தில் கழற்றி வைத்தபடி கிடந்தது. அவர் துணியைத் தேடிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் திரும்புவதற்குள் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் போனில் தேடினேன். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பயம் வருமா என்று கேட்டதற்கு, ஃபெங் சுயி வந்து நின்றது. ஒரு வீடியோவில் ஒரு பெண்மணி தமிழில் விளக்கினார். வேலை செய்கிறவருக்கு முதுகுக்குப் பின்னால் கெட்டியான சுவர் இருக்க வேண்டும், கதவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் கதவுக்கு நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் விலகி உட்கார வேண்டும், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவரின் மனம் ஒரு நிமிடம்கூட ஓய்வதில்லை என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பின் தெரியாத யாரோ என் முதுகைப் பார்த்துச் சொன்னது போல் இருந்தது.

எங்கள் முன்னறைக்குக் கதவு தெற்குச் சுவரில். மேசை வடக்குச் சுவரை ஒட்டி. வடக்கு குபேர திசை என்று வாஸ்துக்காரரை வைத்து அப்படிப் போட்டவர் என் மாமனார். அதைத் திருப்பினால் நான் தெற்கு பார்த்து உட்கார வேண்டும்.

“தெக்கயா? அது எமன் திசைம்மா,” என்றார் மாமனார். “சீனாக்காரன் அவன் வூட்டுக்குச் சொன்னத நம்ம வூட்ல எதுக்குச் செய்யணும்?”

“பெங்களூர்ல பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் இப்பிடித்தாங்க மாமா போட்டிருக்காங்க.”

“அவிங்க வூடு எந்தப் பக்கம் பாத்திருக்கோ, யாரு கண்டா?”

“விடுங்கப்பா, மேசைதான,” என்று கணவர் முடித்துவைத்தார்.

மேசை திரும்பியது. ஆனால் பொய் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குச் செடி வாங்கித் தண்ணீரும் ஊற்ற வேண்டியிருக்கிறது. மேசையை மட்டும் திருப்பினால் சந்தேகம் வருமே என்று மணி பிளான்ட் வைத்தேன். அடைசல் ஆகாது என்று மாமனாரின் பழைய மோட்டார் சாமான்களை மூலையிலிருந்து வெளியேற்றினேன். அவர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கூர்முனை நம்மை நோக்கி இருக்கக் கூடாது என்று அலமாரியை நகர்த்தினேன். அந்தப் பெண்மணி சொன்னவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். வாசலில் உலோகக் குழாய் மணி கட்ட வேண்டுமாம், காற்றில் அசைந்து நல்ல ஒலி தருமாம்.

நிஜமாகவே கொஞ்ச நாள் நிம்மதி கிடைத்தது. யார் வந்தாலும் நிழல் விழும்போதே பார்த்துவிடுவேன், உதட்டைப் படித்துவிடுவேன். மாமனாரின் மீசைதான் கொஞ்சம் சிரமம். வீடும் அமைதியாகிவிட்டது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் முன்பெல்லாம் நான் சமைக்கும்போது பின்னால் நின்று தொணதொணவென்று எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போது அவளுண்டு, அவள் புத்தகமுண்டு. பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சீனாக்காரன் சொன்னது பலிக்கிறது என்று மாமனாரிடம் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தேன்.

அடுப்பு மட்டும் பழைய இடத்தில்தான் இருந்தது. சமையல் மேடை கிழக்கு பார்த்துக் கட்டியது, சமைக்கிறவருக்கு முதுகுப் பக்கம் கதவு. கல்லும் சிமெண்டுமாகக் கட்டியதை எந்தச் சாஸ்திரம் சொல்லித் திருப்புவது?

ஒரு நாள் ஓசூருக்குச் சரக்கு கொண்டுபோன கணவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே வெள்ளிநிறத்தில் ஐந்து குழாய்கள், அவற்றுக்கு நடுவே மறைந்தபடி, மோதி ஒலி எழுப்புவதற்கு ஒரு மர வில்லை. “நீ பாத்த வீடியோவ நானும் பாத்தேன். இத மட்டும் விட்டுட்டியே, அந்தச் சீனா மணி,” என்று அவரே ஸ்டூல் போட்டு ஏறி முன்னறை வாசலில் கட்டினார். விரலால் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

குழாய்கள் ஆடின. அவ்வளவுதான்.

“நல்லாருக்குங்க,” என்றேன்.

அதன் பிறகு அந்த மணிதான் எனக்கு எமன். வந்தவர் போனவரெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை. நான் குழாய்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவை ஆடினால் மணி அடிக்கிறது என்று கணக்கு. ஆடும்போது எப்போதாவது சிரித்து வைப்பேன். வேலையில் பாதி கவனம் அதற்கே போனது. கதவைப் பார்த்து உட்கார்ந்தால் பயம் போகும் என்றார்களே, எனக்கோ பயம் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடி மாதக் காற்று எங்கள் பக்கம் சும்மா இருக்காது. அந்த வாரம் குழாய்கள் நாள் முழுக்க ஆடின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நால்வரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எல்லோர் முகமும் எனக்குத் தெரிகிற மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். களி போட்டுக்கொண்டே, யாரும் கேட்காமலே, நானாகச் சொன்னேன்.

“காத்துக்கு மணி ஓயவே இல்ல. வேலை செய்யறப்ப கேக்கறதுக்கு எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா?”

கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாமனார் மகளைப் பார்த்தார். மகள் எழுந்து போய்த் தன் ஜியாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்தாள். காம்பஸுக்கும் அழிரப்பருக்கும் நடுவில் அந்த மர வில்லை இருந்தது.

“மணிச் சத்தத்துல படிக்க முடியலன்னு நான்தான் கழட்டி வெச்சேன். தாத்தாதான் ஸ்டூலப் புடிச்சுக்கிட்டாரு. நாலு நாளாச்சும்மா.”

வேலை, மேற்பார்வையாளர், வீட்டுக் கடைசி மூலையில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் நான், எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து போயின. இன்னொரு பொய்யைத் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. “எனக்குக் காது கேக்க மாட்டேங்குது,” என்றேன். அந்த வாக்கியத்தை அன்றுதான் முதன்முதலாக வெளியே சொன்னேன்.

கணவர் ஏதோ சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் என்னவென்று தெரியவில்லை. மகள் மட்டும் நகர்ந்து வந்து என் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப அடுப்புகிட்ட நான் கூப்பிட்டதெல்லாம் உனக்குக் கேக்கவே இல்லியா?”

“கேக்கல சாமி.”

“என்மேல கோவம்னு நெனச்சேம்மா. அதான் கூப்பிடறதையே நிறுத்திட்டேன்.”

அவள் எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. வீடு அமைதியாகிவிட்டது என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.