பாங்கொக் படகின் நீலத் திரை

கொழும்பில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த நான், முதன்முதலாகப் படகில் ஏறியது பாங்கொக்கில், அதுவும் நாற்றமடிக்கும் ஒரு வாய்க்காலில். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, அங்கே இருந்தார். கனடா போகப் புறப்பட்டவர் பாதி வழியில் மாட்டிக்கொண்டார். விசா முடிந்து எட்டு மாதம். பிடிபட்டால் உள்ளே போட்டு, பிறகு கொழும்புக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே அவருக்கு என்ன காத்திருந்தது என்று வீட்டில் யாரும் உரத்துக் கதைப்பதில்லை. எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் மாமா அங்கே வேலை செய்கிறார் என்பதுதான்.

பள்ளிக்கூட லீவில் அம்மாவும் நானும் ஐந்து நாளுக்கு அவரைப் பார்க்கப் போனோம். எங்கே போவதென்றாலும் மாமா வாய்க்கால் படகில்தான் கூட்டிப்போவார். அப்பப்பா, அது என்ன படகு! பஸ்ஸைவிட நீளம். துறையில் முட்டியதும் பாய்ந்து ஏறவேண்டும், கொஞ்சம் தயங்கினால் விட்டுவிட்டுப் போய்விடும். கொண்டக்டர் பெண் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளிவிளிம்பில் நடந்தபடியே டிக்கெட் கிழிப்பாள். எதிரே இன்னொரு படகு வந்தால் கறுப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அதைத் தடுக்க ஓரத்தில் நீலப் பிளாஸ்டிக் திரை. ஓர இருக்கையில் இருப்பவர் கயிற்றை இழுத்தால் திரை மேலே ஏறும்.

அந்தக் கயிறு என் பொறுப்பு. மாமா "இழு பிள்ளை" என்றால் இழுப்பேன், "விடு" என்றால் விடுவேன். சில துறைகளில் எதிர்ப்படகு இல்லாதபோதும் இழுக்கச் சொல்வார். இவ்வளவு பெரிய மனிதருக்குத் தண்ணீருக்குப் பயமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் ஒரு துறையில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். "இழு பிள்ளை," என்றார் மாமா, மெதுவாக. நான் இழுக்கவில்லை. பொலிஸைக் கண்டால் என்ன செய்வதென்று வெள்ளவத்தைப் பிள்ளைக்குத் தெரியாதா? காலி வீதிச் சோதனைச் சாவடியில் அம்மா தினமும் சொல்லித்தந்த பாடம்: "ஒளிச்சால்தான் சந்தேகப்படுவினம். சிரிச்சுக்கொண்டு ஐ.சி.யை நீட்டவேணும்." அடையாள அட்டைக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். நான் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தேன். பிறகு படகு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"மாமா, பொலிஸ்! ஐ.சி.யை எடுங்கோ!"

இரண்டு பேரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினார். ஒருவர் துறை விளிம்புவரை வந்தார், அதற்குள் படகு புறப்பட்டுவிட்டது. எதிர்ப்படகு ஒன்று வந்து மூன்று பேரையும் நனைத்தது. யாரும் கயிற்றைத் தொடவில்லை. அடுத்த துறையில் மாமா மட்டும் இறங்கினார். "நாளைக்குக் கடைசித் துறை வரைக்கும் போவம், என்ன?" என்று என் தலையைத் தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பொலிஸைக் கண்ட அன்று இரவே மாமா அறையை மாற்றிவிட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, விமானத்தில் ஏறும்வரை அழுதேன்.

வீடு வந்த பிறகு மாமா டெலிபோன் எடுத்தார். கதைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மா ரிசீவரை என் காதில் வைத்து அழுத்தினார்.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஏன் வரேல்லை? பொய்தானே சொன்னனீங்கள்?"

"ஓம் பிள்ளை," என்றார் மாமா. "பிழை என்னிலதான்."

ஒத்துக்கொண்டாரே என்று, பெரிய மனதுபண்ணி அவரை மன்னித்தேன்.