நடை பார்க்கிறவள்

எங்கள் மருத்துவமனையில் அவளை 'நடையம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகளின் எலும்பு, மூட்டுப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். நான் பக்கத்து அறையில் மாவுக்கட்டு போடுகிறவன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு, அதைப் பதினொரு வருடமாக யாரும் சாத்தியதில்லை. அதனால் அவள் கதை எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன்பு பிள்ளைகள் இவளிடம்தான் வருவார்கள். கைக்குழந்தை என்றால் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, தொடைகளை மெல்ல விரித்துப் பார்ப்பாள். இடுப்பு மூட்டு நழுவினால் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். நடக்கிற பிள்ளையிடம் "நட" என்று சொல்லவே மாட்டாள். சொன்னால் அணிவகுப்பு மாதிரி நடந்து காட்டுமாம். பந்தை உருட்டிவிட்டு, பிள்ளை அதை எடுக்க ஓடும்போது கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். புது நர்சுகளிடம் வாய் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "பத்து வயசுக்கு மேல ஒரு பிள்ளை முட்டி வலின்னு வந்தா, முட்டிய மட்டும் பாத்து அனுப்பிடாதீங்க. இடுப்பப் பாருங்க. வலி ஒரு இடம், வில்லங்கம் இன்னொரு இடம்."

அவளுக்கும் ஒரு மகன். கணவனோடு ஒத்துவராமல் பிரிந்தபோது, ஒன்பது வயதுப் பையன் அப்பாவோடு போய்விட்டான். ஒரு பகல் பஸ்ஸில் போகிற தூரம். "நீ வந்தா அழுவ. வராத" என்று போனில் சொன்னான். அவள் ரோஷக்காரி, மூன்று வருடம் போகவில்லை. "யார் யார் பிள்ளைங்க நடையோ பாக்குறேன். என் பையன் இப்ப எப்படி நடப்பான்னு தெரியலண்ணே" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

ஒருநாள் அவனே கூப்பிட்டான். முட்டி வலிக்கிறதாம். அம்மா எலும்பு ஆஸ்பத்திரியில் இருப்பது அப்போதுதான் அந்தப் பெரிய துரைக்கு நினைவு வந்தது. ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். மறுநாளும் கூப்பிட்டான், அதற்கு மறுநாளும். போன் திரையில் அவன் முகத்தைப் பார்த்தபடி முட்டியில் ஆரம்பித்து, பல்லுக்குப் போட்ட கம்பி, கணக்கு வாத்தியார் என்று எங்கெங்கோ போகும் பேச்சு. ஐந்து வாரம் அவளுக்கு வாயெல்லாம் பல். "முட்டி புண்ணியத்துல மகன் கிடைச்சுட்டான்" என்று நான்கூடக் கிண்டலடித்தேன். புத்தி கெட்டவன்.

ஒரு சனிக்கிழமை காலை. பூசின உடம்புக்காரச் சிறுமி ஒருத்தி முட்டி வலியோடு வந்தாள். புது நர்ஸ் முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தாள். "முட்டிய விடும்மா, முதல்ல இடுப்ப..." என்று ஆரம்பித்த நடையம்மா பாதியில் நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. சிறுமியை டாக்டரம்மாவிடம் அனுப்பிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தாள்.

"கண்ணா, ஃபோனத் தரையில சாய்ச்சு வச்சுட்டு வாசல் வரைக்கும் போய்ட்டு வா."

"எதுக்கும்மா? முட்டிதான வலிக்குது."

"போய்ட்டு வாடா."

நடந்தான். வலது பாதம் வெளியே திரும்பியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. படுத்து முட்டியை நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னாள். அது நேரே வராமல் தானாக வெளிப்பக்கம் போனது. தொடை எலும்பின் தலை, இடுப்புக்குள்ளே இடம்விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. இன்னும் நழுவினால் ஆயுசுக்கும் நொண்டல்தான்.

"எழுந்திரிக்காத. ஒரு அடி வைக்காத. அப்பாகிட்ட ஃபோனக் குடு."

மூன்று வருடம் கழித்துக் கணவனிடம் பேசினாள். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. "தூக்கிட்டுப் போங்க, நடக்க விடாதீங்க. ரெண்டு இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. நான் கிளம்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு என் மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதாள். "தெரியாம இல்லண்ணே. வலி போயிட்டா அவன் பேச்சும் போயிடுமேன்னு இருந்துட்டேன். கேக்க வேண்டியதக் கேக்கல."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாளே இடுப்பில் திருகாணி வைத்தார்கள். நல்லவேளை, அதிகம் நழுவவில்லை. அவன் அக்குள் கட்டைகளை ஊன்றி நடந்து பழகும்வரை மூன்று வாரம் கூடவே இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

இப்போது அவனுக்கு வலி இல்லை. அதனால் தினமும் போனும் இல்லை. மாதம் ஒருமுறை நடந்து காட்டக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான். போன வாரம் கூப்பிட்டபோது நானும் எட்டிப் பார்த்தேன். பையன் வளர்ந்திருந்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். இத்தனை வருடம் அவள் பக்கத்தில் இருந்தவன், எனக்கும் நடை பார்க்கத் தெரியும். ஒரு குறை சொல்ல முடியாது.

"சரியா இருக்காம்மா? வச்சுடவா?"

"சரியாத் தெரியல கண்ணா. இன்னொரு தடவ நட."