குளிப்பதற்கு முன் ஒரு வாழைப்பழம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் குளிக்காமல் எதையும் சாப்பிடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். நானும் மனைவி ராஜியும் காலை நடைப்பயிற்சி தொடங்கியபோதும் அதைத் தளர்த்தவில்லை. வியர்க்குமே என்று குளியலை நடைக்குப் பின்னால் தள்ளினேன். அதனால் அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்தாள். நானோ, காப்பி சாப்பாட்டில் சேராது என்று ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

மே மாதப் புழுக்கத்தில் ஒரு நாள், "ஏன்னா, கண்ணை இருட்டிண்டு வர்றது" என்றவள் பூங்காவிலேயே சரிந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட நடந்த பக்கத்து வீட்டு நிர்மலாதான் அவளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தாள். தெளிந்து உட்கார்ந்ததும் தன் பாட்டிலிலிருந்து எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள்.

"என்ன மாமா, லோக்கல் டிரெயினே கம்பியில கரெண்ட் வந்தாதான் ஓடறது. மாமி மட்டும் எதுல ஓடுவா?"

"அவர் காப்பியில ஓடறார். எனக்குத்தான் பவர் கட்" என்றாள் ராஜி.

சிரித்தேன், கண் கலங்கியது. என் பிடிவாதத்தால் அவளை இழந்திருப்பேனே! பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது நடைக்கு முன் நானே வாழைப்பழம் உரித்துக் கொடுக்கிறேன். தண்ணீர் பாட்டிலும் என் தோளில்தான். திரும்பி வந்து குளித்ததும் இருவருக்கும் சுண்டலும் மோரும். ராஜி விறுவிறுவென்று முன்னால் போகிறாள்.

"கொஞ்சம் நில்லேன்!" என்று கத்துகிறேன்.

"தாகம் எடுத்தா நிக்கறேன். உங்களுக்காகல்லாம் நிக்க முடியாது!"