சந்தனக் கல் என்று நான் சொன்னது

செகந்திராபாத் நடைபாதைக் கடையில், பித்தளைக் குவியலுக்குள் அது கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். மேலே இரண்டு கிளிகள். உள்ளே ஏதோ குண்டுமணி, ஆட்டினால் கலகலக்கும். அடிப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சொரசொரவென்று இருந்தது. என்னவென்று கேட்டேன். “புரானா மால், சாப்” என்றார் கடைக்காரர். பழைய சரக்கு. அது போதாதா எனக்கு? வீடு வந்து சேர்வதற்குள் முடிவு கட்டிவிட்டேன்: இது கோவிலில் சந்தனம் இழைக்கிற கல், கல்லுக்குப் பதில் பித்தளை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். மீதியை ஊர்ப்பேச்சில் படித்தேன். ‘தெரியாது’ என்று சொல்வது அந்த விட்டுப்போன பாதியில் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் பித்தளையைக் கண்டால் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். என் மனைவியும் வைத்தாள். கிளிகள் பூஜை அலமாரியில் ஏறின. வெள்ளிதோறும் அதில் சந்தனம் இழைத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர்களையும் விடவில்லை.

அப்போதுதான் மனைவியின் அக்கா மல்லாபூரில் வீடு கட்டி முடித்தார். “கிரகப்பிரவேசத்துக்கு உங்க சந்தனக் கல்லுதான் முதல் தட்டுல வரணும்” என்று போனில் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயர் எந்தக் காலத்துப் பொருள் என்று கேட்டால்? கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் காலை படம் பிடித்து, இனம் தெரியாத பொருட்களுக்குப் பெயர் சொல்லும் இணையக் குழு ஒன்றில் போட்டேன்: ‘பழங்காலச் சந்தனக் கல். எந்த நூற்றாண்டு?’ சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

சாம்பார் கொதிப்பதற்குள் பதில்கள் குவிந்தன. எல்லாம் ஒரே பதில். நான் விடுவேனா? சந்தனம் பூசிய நெற்றியைப் படமெடுத்துப் போட்டு வாதாடினேன். பழைய நகரத்துப் பெண்மணி ஒருவர் எழுதினார்: “காய்கு லகாரே பாய், மாத்தே கூ?” நெற்றியில் எதற்குப் பூசுகிறீர்கள் அண்ணா என்று. கூடவே அவர் வீட்டுக் குளியலறைப் படம். சோப்புக்குப் பக்கத்தில் அதே இரண்டு கிளிகள்.

என் தோளுக்கு மேலே எட்டிப் படித்த மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “மம்மி! யே தோ பைர் ரகட்னே கா ஹை! குதிகால் தேய்க்கறதாம்!”

மனைவி கரண்டியோடு வந்தாள். போனைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள்.

“ஏங்க, எனக்கும் அதுலதான இழைச்சு வெச்சீங்க?”

“புளி போட்டுத் தேய்ச்சா பித்தளைக்குத் தோஷம் கிடையாது. நாளைக்கு அங்க யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே! பால் காய்ச்சற வீட்டுக்குள்ள, முதல் தட்டுல, ஊரார் கால் தேய்ச்சத எடுத்துட்டுப் போவேனா?”

அங்கேயே நின்று அக்காவைக் கூப்பிட்டாள். “அக்கா, சந்தனக் கல்லு வரல. அது கால் தேய்க்கறதாம்... ஆமா, இவரு சொன்னதுதான்... இல்ல இல்ல, இவரு வருவாரு.”

போனிலிருந்து கிளம்பிய சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. மனைவியும் சிரித்துவிட்டாள். “உங்க காலையாவது தேய்ச்சுக் கூட்டிட்டு வரச் சொல்றா. புது டைல்ஸாம், கீறல் விழுந்துடுமாம்.”

குங்குமத்தைத் துடைத்துவிட்டு, அதை வெந்நீர் வாளியோடு என் முன்னால் வைத்தாள். சொல்லக் கூடாது, அதன் வேலையில் அது கெட்டி.

மறுநாள் மல்லாபூரில் முதல் தட்டில் சாதாரணச் சந்தனக் கிண்ணம் போயிற்று. வீட்டைப் பார்த்தவர்களைவிட என் குதிகாலைப் பார்த்தவர்களே அதிகம்.