டவரிலிருந்து இறங்காதவன்

எனக்கு எழுபத்தொரு வயது. பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது? இது நடந்தது. பயம் எப்போதோ போய்விட்டது. ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் ஊர் வஹாக்கா மலையில் இருக்கிறது. இணையம் ஊருக்கே சொந்தம். ஆளுக்கு ஒரு வருடம் சம்பளமில்லாமல் ஊர்ப் பொறுப்பு பார்க்க வேண்டும். முடியும் நாளில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையிலிருந்து சாவியை வாங்கி, "உன் சுமை இறங்கியது" என்போம். அதுவரை விடுதலை இல்லை. வேலைக்கு அனுப்பப்பட்டவன் செத்தால் மிச்ச மாதங்கள் மன்னிப்பு. தானாகப் போய்ச் செத்தால் வீட்டார்தான் முடிக்க வேண்டும்.

எராக்லியோவுக்கு டவர் பொறுப்பு. இணைப்பு நின்றால் ஒரு மணி நேரம் மலை ஏறுவான்.

"கீழேருந்தே கம்ப்யூட்டர்ல பாக்குற மாதிரி வச்சிடலாம், தலைவரே."

"ஏன், ஏறினா காலு தேஞ்சிடுமா?" என்றார் இணையக் குழுத் தலைவர் அபுந்தியோ.

ஆகஸ்டில் ஒரு மதியம், இடி. டவரடியில் கருகிக் கிடந்தான்.

"நான் போகச் சொல்லவே இல்ல. அவனா ஏறினான்." ஊர்க்கூட்டத்தில் அபுந்தியோ சத்தியமே செய்தார். மிச்ச நாலு மாதமும் அவன் மனைவி மதில்தே தலையில் விழுந்தது. மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் அந்த மலை ஏற வேண்டும்.

அவன் கேட்ட வசதிக்கு அதன் பிறகு சம்மதம் வந்தது. செத்த பிறகு!

செப்டம்பர் ஒன்பது. பிற்பகல் 3:40. அந்த வசதியை அமைக்க நகரத்திலிருந்து வந்த நாயெலி, குழு அறையில் லேப்டாப்பில் டவரின் பக்கத்தைத் திறந்தாள். குழுச் செயலாளர் நான், பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா... உள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு."

"யாரு?"

"எராக்லியோன்னு இருக்கு."

"செத்தவன் பேரு. அழிச்சிடு."

அழித்தாள். 3:44. லேப்டாப்பில் விசை தட்டும் சத்தம், டொக். பேர் திரும்ப வந்தது.

"வெளியிலேருந்து இல்லம்மா... டவர் அறைக்குள்ள யாரோ கேபிள் செருகி உக்காந்திருக்காங்க."

அந்த அறைக்கு ஒரே சாவி. அவன் பிணத்தின் இடுப்பிலிருந்து நான் அவிழ்த்தது. என் கழுத்தில் தொங்கியது.

3:51. டொக்... டொக்...

நாயெலியின் கைகள் மடியில் இருந்தன. பக்கம் தானாக நகர்ந்தது.

பழைய பதிவுகள். ஆகஸ்ட். அவன் செத்த நாள்.

நின்றது.

ரீஸ்டார்ட் செய்தவர் காரணம் எழுத வேண்டிய இடம். எழுதியிருந்தது:

'அபுந்தியோ ஏறச் சொன்னார். ஏறினேன்.'

அடுத்த அறையிலிருந்த அபுந்தியோவைக் கத்திக் கூப்பிட்டேன்.

"படிங்க தலைவரே. சத்தமா."

"இது... யாரு எழுதினது, தொமாசாக்கா?"

"நீ கொன்னவன்."

டொக்.

"நான்தான் அனுப்பினேன்! போதும், மூடுங்க!"

"இங்க கத்தாதே. கூட்டத்துல கத்து."

அப்போதுதான் உறைத்தது. பிணத்திடமிருந்து சாவியை எடுத்தோமே... பேர் சொல்லி யாருமே விடுவிக்கவில்லையே!

சாவியைக் கையில் ஏந்தினேன்.

"எராக்லியோ... உன் சுமை இறங்குச்சு. கீழ வா, ராசா."

4:02. பேர் மறைந்தது.

கூட்டம் மதில்தேயை விடுவித்தது. அதற்காக நாயெலி அந்த வரியை அச்செடுத்துத் தந்திருந்தாள். ஆத்திரத்தில் அன்று நான் அந்த வரிக்குப் பக்கத்திலிருந்த நேரத்தைப் பார்க்கவில்லை.

மாலை 5:12.

சுகாதார நிலையப் பதிவேட்டில் அவன் உடல் வந்த நேரம், 4:50.

அவன் செத்த நாள் மதியம் முழுக்க இணைப்பு இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் என் மகளை அழைத்து அழைத்துப் பார்த்தேன். 5:15-க்குக் கிடைத்தாள்.

"எராக்லியோ செத்துட்டான்டி" என்று நான் அழுதது... அவன் சரிசெய்து கொடுத்த இணைப்பில்.